அப்டேட் நிற்கட்டும், முதலில் அம்மாவின் குரல்

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் டெல்டா பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். நாலு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

2019-ல் மகன் துபாய்க்கு வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். விண்டோஸ் 10 கம்பெனியிலேயே போட்டு வந்தது. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஐ5 எட்டாம் தலைமுறை என்று ஸ்டிக்கர். கடையில் அன்றே சி டிரைவுக்கு 100 ஜிபி, மீதியெல்லாம் டி டிரைவ் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் அவருடைய அம்மா பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும் 41 பதிவுகளாக இருக்கின்றன. அம்மா 2022-ல் காலமாகிவிட்டார். பாட்டின் வரிகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். மகளின் கல்யாணப் படங்களும் அதிலேயே.

இரண்டு மாதமாக அப்டேட் தகராறு. விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லிக் கேட்கிறது. ஒத்துக்கொண்டால் இடம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது. சி டிரைவில் சில ஃபைல்களை அழித்து இடம் செய்து மறுபடி முயன்றால், முழுத்திரையில் 30 சதவீதம் வரை வந்து அசையாமல் நிற்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்துவிட்டுப் பவர் பட்டனை அழுத்தி அணைக்கிறார். அடுத்த முறை போட்டதும் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி, பழைய நிலைக்கே வந்து நிற்கிறது. இப்படி ஆறு தடவை. அப்டேட் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். 80070643 என்று முடியும் பிழை எண் பல தடவையும், 80070070 இரண்டு தடவையும் இருக்கின்றன.

தெருமுனைக் கடைத் தம்பி, “ஃபார்மட் பண்ணிடலாம் டீச்சர், 2,500 ரூபாய், இனிமே அப்டேட்டே கேட்காத விண்டோஸ் போட்டுத் தர்றேன்” என்கிறார். கணவரோ, அப்டேட் என்பதே புது கம்ப்யூட்டர் வாங்க வைக்கிற வேலை, அதனால்தான் ஒருநாள் விமானமெல்லாம் நின்றது, நிறுத்தித் தொலை என்கிறார். விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, லேப்டாப் இனி வீண்தானா? பதிவுகளைப் பத்திரமாக டி டிரைவில்தான் வைத்திருக்கிறேன், ஃபார்மட் செய்தால் போகாதுதானே? போய்விட்டால் கடையை நான் கேட்க முடியுமா? இவை அவருடைய கேள்விகள். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி: “சில நாளாக உள்ளே டிக் டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி சத்தம், ஃபேனில் தூசு போல.”

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடு போட்டது அந்த ஓரத்து வரியைத்தான். அது ஃபேன் சத்தமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஃபேனில் தூசு அடைத்தால் இரையும், அல்லது உரசும். விட்டுவிட்டு வருகிற டிக் டிக், அதுவும் அந்த நேரத்தில் திரை உறைந்து நிற்கிறது என்றால், பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். அதன் உள்ளே தட்டு சுற்றுகிறது, அதன்மேல் ஊசி போன்ற ஒரு கை நகர்ந்து படிக்கிறது. ஓரிடத்தில் படிக்க முடியாமல் அந்தக் கை திரும்பத் திரும்ப முயலும்போது வருகிற சத்தம் அது. ஏழு வருடம் உழைத்த டிஸ்க்குக்கு இது வரக்கூடியதுதான்.

எனவே நீங்கள் கேட்ட கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். அப்டேட் ஏன் ஏறவில்லை என்பதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் அம்மாவின் குரல் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது, அந்த இடத்திலிருந்து சத்தம் வருகிறது. முதலில் அதை வெளியே எடுப்போம்.

இன்று செய்ய வேண்டியது

இன்னொரு தடவை அப்டேட் முயற்சி வேண்டாம். விண்டோஸ் 11-க்கு மாறுவது என்றால் பல ஜிபி எழுதுவதும், உள்ளே இருக்கும் பழைய விண்டோஸை அப்படியே ஒதுக்கி வைப்பதும், படிப்பதும், சரிபார்ப்பதும் நடக்கும். நோய்வாய்ப்பட்ட டிஸ்க்குக்கு அது மலை ஏறுகிற வேலை. செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போனால் 7 நாளுக்கு நிறுத்தி வைக்கும் பொத்தான் இருக்கும். அதைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் 35 நாள் வரை தள்ளிப்போடலாம். நமக்கு அவ்வளவு போதும்.

அடுத்து, டி டிரைவ் விஷயம். இதை நிறையப் பேர் நம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சி-யும் டி-யும் இரண்டு டிஸ்க் அல்ல. ஒரே வீட்டுக்குள் குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டு அறையாக்கிய மாதிரி. சி-யை மட்டும் ஃபார்மட் செய்தால் டி தப்பும், அது உண்மை. இந்த நம்பிக்கை வந்ததே அதனால்தான். ஆனால் டிஸ்க்கே பழுதானால் கூரை இடிந்த மாதிரி, இரண்டு அறையும் போகும். ஃபார்மட் செய்கிறவர் கவனக்குறைவாக எல்லாப் பிரிவையும் அழித்துவிட்டாலும் அதே கதிதான். டி-யில் இருப்பதற்கு நகல் என்று பெயர் இல்லை. நகல் என்றால் வேறொரு பொருளில் இருக்க வேண்டும்.

லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, ஆடாத மேஜைமேல் வையுங்கள். உங்கள் பக்கம் கரண்ட் போகும் நேரம் தெரியுமென்றால் அதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து இழுக்க வேண்டாம். முதலில் 41 பாட்டுகள் மட்டும். அவை எல்லாம் சேர்ந்தே ஒரு ஜிபியைத் தாண்டாது என்று நீங்கள் எழுதியிருக்கும் பாட்டுப் பட்டியலைப் பார்த்தால் தெரிகிறது. கையில் இருக்கும் எந்தப் பென் டிரைவிலும் அடங்கிவிடும். பென் டிரைவில் ஏறியதும், லேப்டாப்பிலிருந்து அல்ல, பென் டிரைவிலிருந்தே நாலைந்து பாட்டைப் போட்டுக் கடைசி வரை கேளுங்கள். ஃபைல் பெயர் தெரிகிறது என்பதால் உள்ளே பாட்டு முழுதாக இருக்கிறது என்று ஆகாது. அப்புறம் அதே 41-ஐயும் உங்கள் கூகுள் டிரைவில் ஏற்றி, துபாயில் இருக்கும் மகனோடு பகிர்ந்துகொள்ளுங்கள். கூகுள் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியே இதற்குத் தாராளம். இப்போது அம்மாவின் குரல் மூன்று இடத்தில் இருக்கும்.

அடுத்ததாகப் பாட்டு வரிகள் இருக்கும் வேர்டு ஃபைல்கள். கடைசியாகக் கல்யாணப் படங்கள். படங்களுக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுவது நல்லது, பிறகும் உதவும்.

காப்பி ஆகும்போது ஏதாவது ஒரு ஃபைலில் நின்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள், நின்றதைக் குறித்து வையுங்கள். சத்தம் அதிகமாகி டிரைவே காணாமல் போனால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப் பார்க்க, மீட்கக்கூடியதும் கெட்டுப்போகும். அந்த நிலை வந்தால் தெருமுனைக் கடை அல்ல, டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்கிற நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். டிஸ்க்கின் மூடியைச் சாதாரண அறையில் யாரும் திறக்க விடாதீர்கள். ஒரு தூசு போதும், தட்டில் கீறல் விழ.

நல்ல எண்ணத்தோடு யாராவது, டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளை ஒன்றை ஓட்டுங்கள், சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டீஃபிராக் செய்யுங்கள் என்பார்கள். நகல் எடுத்து முடிக்கும் வரை இரண்டும் வேண்டாம். இரண்டுமே டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவைக்கிற வேலைகள்.

நகல் முடிந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பைப் படித்துக் காட்டும். நீலத்தில் இருந்தால் நல்லது. மஞ்சளோ சிவப்போ காட்டினால் என் சந்தேகம் சரி.

அந்த எண்கள் சொல்வது என்ன

உங்களைப் பயமுறுத்திய 80070643-ஐ முதலில் கழித்துவிடலாம். அது பொதுவாக ‘நிறுவ முடியவில்லை’ என்பதைச் சொல்லும் எண். ஆனால் உங்கள் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு குறிப்பிட்ட அப்டேட். விண்டோஸ் கிளம்பாதபோது உதவுவதற்காக டிஸ்க்கில் ஒளிந்திருக்கும் சின்ன மீட்புப் பகுதி ஒன்று உண்டு. அதைப் புதுப்பிக்க வந்த அப்டேட் அது. அந்தப் பகுதியில் 250 எம்பி காலியிடம் கேட்டது. உலகம் முழுக்கப் பல கணினிகளில் அவ்வளவு இடம் இல்லை. இடமில்லை என்று சொல்ல வேண்டியது, தவறுதலாக இந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட்டே இதை ஒப்புக்கொண்டது. நீங்கள் எதையும் கெடுக்கவில்லை டீச்சர். வைரஸும் இல்லை. அன்றைக்கு அந்த எண்ணோடு என்னிடம் வந்தவர்கள் பலருக்கும், அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னேன். உங்களுக்கும் அதே பதில்தான்.

80070070 வேறு. அது நேர்மையான எண், சி டிரைவ் நிறைந்துவிட்டது என்கிறது. 1 டிபி டிஸ்க்கில் சி-க்கு 100 ஜிபி மட்டும் கொடுத்துப் பிரிப்பது நம் ஊர்க் கடைகளில் பல வருடப் பழக்கம். அந்தக் காலத்து விண்டோஸுக்கு அது போதுமாக இருந்தது. இப்போது விண்டோஸும் அதன் பழைய அப்டேட் மிச்சங்களும் வாட்ஸ்அப்பும் சேர்ந்தே அதை நிரப்பிவிடுகின்றன.

மூன்றாவது சிக்கலுக்கு எண் இல்லை. 30 சதவீதத்தில் நின்றது நின்றதல்ல, நத்தை வேகத்தில் ஊர்ந்திருக்கலாம். 4 ஜிபி ரேம், சுற்றுகிற டிஸ்க், அதிலும் படிக்க முடியாத இடங்கள் என்றால் ஒரு மணி நேரம் எண் மாறாமல் இருப்பது சாதாரணம். லேப்டாப்பில் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அந்த நடுவில் பவர் பட்டனை அழுத்தியதால்தான் அது முன்பு செய்ததையெல்லாம் கலைத்துத் திரும்பிப் போனது. இதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அந்தத் திரை ஒரு வார்த்தை சொல்வதில்லை. நல்ல வேளையாக, பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடு அதில் இருக்கிறது. ஆறு தடவையும் அதுதான் உங்களைக் காப்பாற்றியது.

சார் சொல்வதிலும் நியாயம் உண்டு

உங்கள் கணவரின் கோபத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அப்டேட்டே தொல்லை கொடுத்த நாட்கள் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சிலருடைய சொந்த ஃபைல்களையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. 2024 ஜூலை மாத அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் திடீரென்று, டிஸ்க்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கரைத் திறக்க 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றன. அந்த எண் தன்னிடம் இருப்பதே தெரியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர் சொல்லும் அந்த விமானம் நின்ற நாள், 2024 ஜூலை 19, விண்டோஸ் அப்டேட்டால் வந்ததல்ல. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான கோப்பால் வந்தது. சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. பெரும்பாலும் அலுவலகங்களிலும் விமான நிலையங்களிலும் இருந்தவை. அந்த மென்பொருள் உங்கள் வீட்டு லேப்டாப்பில் இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் அவரிடம் சொல்லுங்கள். 2017 மார்ச் 14-ல் விண்டோஸின் ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தது. மே 12-ல் அதே ஓட்டை வழியாக வானாக்ரை என்ற தீய மென்பொருள் பரவி, ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. இடையில் இரண்டு மாத அவகாசம் இருந்தும் போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். பென்ஷன் கணக்கை அந்த லேப்டாப்பில்தான் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, அப்டேட்டே இல்லாமல் ஓட்டுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நடுவழி ஒன்று உண்டு. மாதாந்தர அப்டேட் அமெரிக்க நேரப்படி இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு, பெரிய புகார் எதுவும் எழவில்லை என்றால் போடுங்கள். நான் என் வீட்டில் செய்வதும் அதுதான்.

லேப்டாப் வீணா?

இல்லவே இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மை. முடிந்தது என்றால் நின்றுபோகும் என்று பொருள் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது, அவ்வளவுதான். வீட்டு உபயோகத்துக்கு மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, அந்தத் திருத்தங்களைப் பெற மைக்ரோசாஃப்ட் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு இணைத்தாலே காசில்லாமல் கிடைக்கும். இணைக்க விருப்பமில்லை என்றால் 30 டாலர்.

உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்பவை: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. உங்கள் ஸ்டிக்கர் எட்டு என்கிறது. 2016 ஜூலைக்குப் பிறகு விண்டோஸோடு வந்த புதிய மாடல்களில் டிபிஎம் கட்டாயம், ஆகவே அதுவும் இருக்கும். கேட்டுப்பார்க்காமலே உங்கள் லேப்டாப் தேர்வில் பாஸ், அதனால்தான் மாறச் சொல்லி அதுவே கேட்கிறது. தடுப்பது அந்த டிஸ்க்கும் இடமும்தான்.

ஆகவே என் யோசனை: பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். சுற்றுகிற பாகம் எதுவும் இல்லாத டிஸ்க் அது. 256 ஜிபி எடுத்தால் சி-க்கு மூச்சுவிட இடம் இருக்கும், 512 எடுத்தால் படங்களும் அதிலேயே அடங்கும். கூடவே ரேமை 8 ஜிபி ஆக்கிவிடுங்கள். 4 ஜிபியில் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐ முதலிலிருந்தே போட்டுவிட்டால், இந்த 30 சதவீதச் சண்டையே வராது. பழைய டிஸ்க்கில் அப்டேட்டைச் சரிசெய்ய நாலு மணி நேரம் செலவழிப்பதைவிட இதுதான் மேல். டிஸ்க் நல்லபடியாக இருந்திருந்தால் சி-யை விரிவாக்கு, அப்டேட் தற்காலிகக் கோப்புகளை அழி, சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார் என்று வேறு வரிசை சொல்லியிருப்பேன்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. புது விண்டோஸில் பாமினி இருக்காது. உங்கள் பாட்டு ஃபைலைத் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். போச்சே என்று பதறி யாரும் ஃபைலை அழித்துவிட வேண்டாம். பாட்டு அப்படியே இருக்கும், அதைத் தமிழாகக் காட்டும் எழுத்துருதான் இல்லை. இப்போதே கண்ட்ரோல் பேனலில் ஃபாண்ட்ஸ் பகுதிக்குப் போய் பாமினியைக் காப்பி செய்து பென் டிரைவில் வையுங்கள். நிதானமாக நேரம் கிடைக்கும்போது, பாமினியிலிருந்து, தனி எழுத்துரு இல்லாமலே எங்கும் தமிழாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகளில் ஒவ்வொரு பாட்டாக மாற்றிவிடுங்கள். அப்புறம் உங்கள் பேத்தி போனில்கூட அந்த வரிகளைப் படிக்கலாம், தேடலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றும் கொம்பும் சில இடத்தில் இடம் மாறும். அதைக் கண்டுபிடிக்க உங்களைவிடத் தகுதியானவர் கிடையாது.

கடைத் தம்பியிடம் கேட்க வேண்டியவை

அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. வருகிற எல்லாவற்றுக்கும் ஃபார்மட் என்பது பல கடைகளில் பழகிப்போன மருந்து. ஆனால் ‘அப்டேட்டே கேட்காத விண்டோஸ்’ என்பதை மட்டும் ஏற்காதீர்கள். பெரும்பாலும் அது உரிமம் இல்லாத நகல். உரிமம் இருப்பதுபோல ஏமாற்றும் ஒரு புரோகிராமைப் போட்டு, அது பிடிபடாமல் இருக்க அப்டேட்டையும் வைரஸ் பாதுகாப்பையும் அணைத்து வைப்பார்கள். அந்தப் புரோகிராமுக்குள் வேறு என்ன வருகிறது என்று போடுகிறவருக்கே தெரியாது. தெரிந்தே அப்படி ஒரு நகலைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றமும்கூட.

உங்களுக்கு அது தேவையே இல்லை. உங்கள் மகன் கொடுத்த விலைக்குள் விண்டோஸின் விலையும் இருந்தது. அந்த உரிம எண் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய அசல் விண்டோஸை, முன்பு இருந்த அதே ஹோம் பதிப்பாகப் போட்டு, இன்டர்நெட்டோடு இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். 11-க்கும் அது செல்லும். தம்பியிடம் இதைச் சொல்லி, ஹோம்தான் போட வேண்டும், புரோ வேண்டாம் என்று கேளுங்கள்.

பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அதில் ஆதார் ஸ்கேன், பாங்க் பாஸ்புக் படம் எல்லாம் இருக்கும். என்ன வேலை, எவ்வளவு ரூபாய், என்ன பாகம் என்று பில்லும் வேண்டும். லேப்டாப்பைக் கொடுக்கும் முன், அதில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். இயங்கினால் அந்த 48 இலக்க எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்க்கை வேறொரு கணினியில் திறக்க முடியாது.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். நான் வக்கீல் இல்லை, கடைகளோடு புழங்கியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். காசு வாங்கிக்கொண்டு செய்யும் ரிப்பேர், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு சேவை. அதில் அலட்சியத்தால் இழப்பு வந்தால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம், தமிழிலும் பேசலாம். “டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று பில்லில் அச்சடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியாலேயே எல்லா அலட்சியமும் மன்னிக்கப்பட்டுவிடாது, ஆனால் நகல் எடுக்கும்படி சொன்னோம், அவர் எடுக்கவில்லை என்று அவர்கள் வாதாட அது இடம் கொடுக்கும். அதனால் டேட்டா இருக்கிறது, டி டிரைவைத் தொடக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஆணையம் பணம் வாங்கித் தரலாம். பாட்டை வாங்கித் தர முடியாது.

இன்னொன்று. பிழை எண்ணைத் தேடியபோது கிடைத்த ‘ஹெல்ப்லைன்’ எண்ணுக்கு நீங்கள் போன் செய்ததும், ஒருவர் ஏதோ ஆப் போடச் சொன்னதும், சார் போனைப் பிடுங்கி வைத்ததும் படித்தேன். சார் செய்தது ரொம்பச் சரி. தூரத்திலிருந்து உங்கள் திரையை இயக்கும் ஆப் அது. மைக்ரோசாஃப்ட் தன் பிழைத் திரைகளில் போன் எண் போடுவதில்லை, தானாகக் கூப்பிடுவதும் இல்லை. உங்கள் பணம் எதுவும் போகவில்லை என்பதால் பயப்பட வேண்டாம். அந்த எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வரலாம், எடுக்காதீர்கள். யாருக்காவது பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930-க்குச் சொல்ல வேண்டும்.

41 பாட்டும் பென் டிரைவில் ஏறியதும் ஒரு வரி எழுதுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரையையும், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதில் எந்த வகை எஸ்எஸ்டி பொருந்தும், ரேமுக்கு எத்தனை இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை தம்பியிடம் லேப்டாப்பைக் கொடுக்க வேண்டாம்.